கல்வி விளக்கேந்திய நானோ நேகிள் அம்மையார்

ஒரு சமுதாயத்தின் உயர்வை அளந்தறிய அதன் செல்வத்தையும் மாட மாளிகைகளையும் எண்ணிப் பார்ப்போர் உண்டு. அச்சமுதாயத்தின் கடைக்கோடிச் சந்தில் வாழும் ஏழைச் சிறுமிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்பதே அதனினும் நேரிய அளவுகோல் என நாம் கருதுகிறோம். பட்டம் பெற்றோர் பலர் இருந்தும் அச்சிறுமி எழுத்தறியாதிருப்பாளாயின், அச்சமுதாயம் இன்னும் விடியலைக் காணவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அயர்லாந்து நாட்டில், தம் மக்களுக்குக் கல்வி புகட்டுவதே குற்றம் எனச் சட்டம் விதித்திருந்த காலத்தில், இவ்வுண்மையை உணர்ந்து வாழ்ந்து காட்டிய பெண்மணி ஒருவர் இருந்தார். நானோ நேகிள் என்பது அவர் பெயர். 1718ஆம் ஆண்டு பிறந்து 1784ஆம் ஆண்டு மறைந்த இவ்வம்மையாரைத் தம் நாட்டின் மிகச் சிறந்த பெண்மணியாக, 2005ஆம் ஆண்டு அயர்லாந்து வானொலி நடத்திய வாக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்தனர். இறந்து இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் ஒருவர் மக்கள் நெஞ்சில் இவ்வாறு வீற்றிருப்பதன் காரணத்தை ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

கார்க் நகரின் பழைய மடம்

அயர்லாந்தின் தென்பகுதியில், லீ ஆற்றங்கரையில் அமைந்த துறைமுக நகரம் கார்க். அதன் டக்ளஸ் தெருவில் உயர்ந்த மதிலுக்குப் பின்னே பழமை வாய்ந்த கன்னியர் மடம் ஒன்று உள்ளது. அம்மடத்தின் மிகப் பழைய கட்டடம் 1771ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட இவ்வளாகம், 2017ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அம்மையாரின் வரலாற்றையும், அவர் காலத்துக் கார்க் நகர மக்களின் வாழ்வையும், பெண்கல்விக்காக உழைத்த கன்னியரின் பணியையும் காண விரும்புவோர் அங்குச் செல்கின்றனர். தோட்டமும், சிற்றாலயமும், கன்னியரின் கல்லறைகளும் அங்கே உள்ளன. அம்மையார் துயில் கொள்ளும் இடமும் அதுவே.

அம்மடத்தின் மதிலும் அதற்கு வெளியே ஓடும் தெருவும் அவ்வளாகத்தைக் காண்போர் கருத்தில் கொள்ள வேண்டியவை. நானோ நேகிள் அம்மையாரின் வாழ்க்கை முழுவதும் அவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் எனலாம். கல்வி மதிலுக்குள் இருந்து மாணவரை அழைப்பதா, தெருவில் இறங்கி மாணவரைத் தேடிச் செல்வதா என்னும் கேள்விக்கு அவர் தந்த விடையே அவரது வரலாறு.

கல்வியைக் குற்றமாக்கிய சட்டங்கள்

அம்மையாரின் அருஞ்செயலை உணர, அவர் காலத்துச் சட்டங்களை அறிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நடைபெற்ற போரில் கத்தோலிக்கர் தோல்வியுற்றனர். அயர்லாந்தின் ஆட்சியும் நிலத்தின் பெரும்பகுதியும் புராட்டஸ்டண்டுச் சிறுபான்மையினர் கைக்குச் சென்றன. மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கராகவே இருந்தும், அவர்களை ஒடுக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டன.

1695ஆம் ஆண்டுச் சட்டம், கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைத் தடை செய்தது. மீறிக் கற்பித்த ஆசிரியருக்கு 20 பவுன் தண்டமும் மூன்று மாதச் சிறையும் விதிக்கப்பட்டன. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைப்பதும் குற்றமாயிற்று. அவ்வாறு செய்தோர் சொத்துரிமையை இழக்க நேரிட்டது. 1704ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்கும் உரிமையைப் பறித்தது. 1709ஆம் ஆண்டு வந்த சட்டமோ, மறைவாகக் கற்பிக்கும் கத்தோலிக்க ஆசிரியரைக் காட்டிக் கொடுப்போருக்கு 10 பவுன் பரிசளிக்க வழி செய்தது. பின்னர் வாக்குரிமையும் போயிற்று.

ஆயினும் மக்களின் கல்வி வேட்கை அடங்கவில்லை. வேலி ஓரங்களிலும் இடிந்த சுவர்களின் மறைவிலும் அமர்ந்து பிள்ளைகள் பாடம் கேட்டனர். காவலர் வருகின்றனரா என்று ஒருவர் பார்த்திருக்க, மற்றவர் படித்தனர். வேலிப் பள்ளிகள் என்று வரலாறு குறிப்பிடுவது இவற்றையே. வசதி மிக்கோர் தம் பிள்ளைகளைக் கப்பலேற்றி மறைவாகப் பிரான்சுக்கு அனுப்பினர். நகரத்து ஏழைகளுக்கோ இவ்விரு வழியும் எளிதாக இல்லை. 1733ஆம் ஆண்டில் அரச ஆணை பெற்று ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகள் நிறுவப்பட்டன. ஆனால், அப்பிள்ளைகளைப் பெற்றோரின் சமயத்திலிருந்து பிரித்து வளர்ப்பதே அவற்றின் நோக்கமாக இருந்தது. எனவே ஏழைத் தாய் ஒருத்தி, தன் பிள்ளை எழுத்தை இழப்பதா, நம்பிக்கையை இழப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய கொடிய நிலையில் நின்றாள்.

பிறப்பும் இளமையும்

இத்தகைய காலத்தில், கார்க் மாவட்டத்தில் மேலோ என்னும் ஊருக்கு அருகிலுள்ள பாலிகிரிஃபின் என்ற சிற்றூரில், கேரட் நேகிள் என்பாருக்கும் ஆன் மேத்யூ என்பாருக்கும் மூத்த மகளாக அம்மையார் பிறந்தார். ஹொனோரா என்பது இட்ட பெயர். நானோ என்பது வீட்டில் வழங்கிய செல்லப் பெயர். நேகிள் குடும்பத்தார் தொன்மையான கத்தோலிக்க நிலக்கிழார்கள். சட்டங்களின் கொடுமைக்கு நடுவிலும் தம் உடைமைகளில் பெரும்பகுதியைக் காத்துக்கொண்டவர்கள்.

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் புகழ்பெற்ற சொல்லேருழவராக விளங்கிய எட்மண்ட் பர்க், தாய்வழியில் இக்குடும்பத்துக்கு உறவினர். 1785ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் கடன்கள் குறித்து உரையாற்றி, கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஊழலை வெளிப்படுத்தியவர் இந்தப் பர்க் என்பதைத் தமிழ்நாட்டவராகிய நாம் மறத்தல் இயலாது. அவரும் இளமையில் தம் தாய்வழி உறவினரின் ஊரில் சில காலம் தங்கிக் கல்வி கற்றவரே.

நானோ, சட்டத்துக்கு மறைவாகப் பிரான்சு நாட்டுக்கு அனுப்பப்பட்டுக் கல்வி பெற்றார். படிப்பு முடிந்த பின்னும் பாரிசு நகரில் தங்கி, செல்வர் வீட்டு விருந்துகளிலும் ஆடல் அரங்குகளிலும் களித்து வாழ்ந்தார். ஒருநாள் விடியற்காலையில் விருந்து முடிந்து வண்டியில் திரும்பும்போது, தேவாலயத்தின் கதவு திறப்பதற்காகக் குளிரில் காத்து நின்ற ஏழைத் தொழிலாளரைக் கண்டு அவர் உள்ளம் கலங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். உறங்கப் போகும் தாமும், உழைக்கப் போகுமுன் வழிபட நிற்கும் அவர்களும் ஒரே வீதியில் சந்தித்த அந்த வேளை அவர் நெஞ்சில் விதையாக விழுந்தது.

பட்டுத் துணி தந்த பாடம்

1746ஆம் ஆண்டு தந்தையார் மறைந்தார். நானோ அயர்லாந்துக்குத் திரும்பித் தாயுடனும் தங்கை ஆனுடனும் டப்ளின் நகரில் வாழ்ந்தார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று மரபாகச் சொல்லப்பட்டு வருகிறது. பாரிசிலிருந்து தாம் கொண்டுவந்த விலையுயர்ந்த பட்டுத் துணியில் ஆடை தைத்துக்கொள்ள நானோ எண்ணினார். துணியைத் தேடியபோது அது காணப்படவில்லை. வறுமையில் வாடிய குடும்பம் ஒன்றுக்கு உதவுவதற்காக அதனைத் தாம் விற்றுவிட்டதாகத் தங்கை தெரிவித்தார். கோபம் கொள்ள வேண்டிய இடத்தில் நாணம் கொண்டார் நானோ.

சில ஆண்டுகளுக்குள் தாயும் தங்கையும் மறைந்தனர். பிறந்த ஊரில் தம் சகோதரர் வீட்டில் தங்கிய நானோ, அங்கிருந்த உழவர் குடும்பங்களின் அறியாமையைக் கண்டு வருந்தினார். சட்டத்தை எதிர்த்துத் தனியொரு பெண் என்ன செய்ய இயலும் என்ற தயக்கத்தால், பிரான்சுக்கே சென்று துறவு மடம் ஒன்றில் சேர முற்பட்டார். அம்மடத்தின் அமைதியில் அவருக்கு அமைதி கிட்டவில்லை. தம் நாட்டு ஏழைப் பிள்ளைகளின் நினைவு அவரை வாட்டியது. அவர் மனநிலையை அறிந்த சமய வழிகாட்டியும், அவருடைய கடமை அயர்லாந்தில்தான் இருக்கிறது என்று அறிவுறுத்தினார். நானோ மீண்டும் தாய்நாட்டுக்குப் புறப்பட்டார். இவ்வாறு அவர் மதிலை விட்டுத் தெருவைத் தேர்ந்தது இதுவே முதல் முறை.

கோவ் லேன் பள்ளி

கார்க் நகரம் அந்நாளில் வணிக வளத்தால் செழித்திருந்தது. உப்பிட்ட இறைச்சியும் வெண்ணெயும் அங்கிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. ஆயினும் அவ்வளம் அந்நகரின் சந்துகளை எட்டவில்லை. அங்கே பிள்ளைகள் கல்வியின்றித் தெருவில் திரிந்தனர். தம் சகோதரர் ஜோசப்பின் இல்லத்தில் தங்கிய அம்மையார், 1754ஆம் ஆண்டளவில், கோவ் லேன் என்னும் சந்தில் ஒரு சிறு குடிலை வாடகைக்குப் பெற்று, முப்பது ஏழைச் சிறுமியரைச் சேர்த்துப் பள்ளி தொடங்கினார்.

இச்செய்தி வெளிப்பட்டால் அவர் மட்டுமன்றிக் குடும்பத்தார் அனைவரும் இன்னலுக்கு ஆளாவர். எனவே, சமய வழிகாட்டி, பணிப்பெண், பிள்ளைகளுக்குக் கற்பிக்க அமர்த்திய பெண் ஆகியோர் தவிர வேறெவருக்கும் அவர் இதனைத் தெரிவிக்கவில்லை. வீட்டார், அவர் வழிபாட்டுக்குச் சென்றிருப்பதாக எண்ணிக் கொண்டனர். பிள்ளைகளையும் ஒரே நாளில் திரட்டாமல், ஆரவாரமின்றிச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்.

மறைபொருள் வெளிப்பட்ட விதம் சுவையானது. ஏழை மனிதர் ஒருவர் சகோதரர் ஜோசப்பிடம் வந்து, தம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுமாறு நேகிள் அம்மையாரிடம் பரிந்துரைக்க வேண்டினார். அவரைச் சித்தம் கலங்கியவர் என்று எண்ணிய ஜோசப், வீட்டினுள் வந்து, நானோவைப் பள்ளி ஆசிரியை என்று எண்ணி வந்த மனிதரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். அப்போது நானோ உண்மையை ஒப்புக்கொண்டார். சிரிப்பு மறைந்து சினம் பொங்கிற்று. நேரக்கூடிய கேடுகளையெல்லாம் ஜோசப் அடுக்கிச் சொன்னார். எனினும் அச்சினம் நீடிக்கவில்லை. நற்பணியின் பெருமையை உணர்ந்த பின், எவரால் தடை வரும் என்று அம்மையார் அஞ்சினாரோ அந்தச் சகோதரரும், செல்வாக்கு மிக்க அவர் பெரியதந்தையாரும் பள்ளிக்குப் பொருளுதவி செய்வோராக மாறினர்.

ஏழு பள்ளிகள்

தொடங்கிய ஒன்பது மாதங்களுக்குள் ஏறத்தாழ 200 பிள்ளைகள் பள்ளியில் பயின்றனர். நகரின் மறுபுறத்தில் வாழ்ந்தோர், தம் பிள்ளைகள் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருப்பதால் தம் பகுதியிலும் பள்ளி அமைக்குமாறு வேண்டிக் கொண்டனர். காலப்போக்கில் பள்ளிகளின் எண்ணிக்கை ஏழாயிற்று. அவற்றுள் ஐந்து பெண்பிள்ளைகளுக்குரியவை, இரண்டு ஆண்பிள்ளைகளுக்குரியவை. ஆண்களுக்கே கல்வி அரிதாயிருந்த காலத்தில், பெண்களுக்கு இருமடங்குக்கும் மிகுதியான பள்ளிகளை அவர் நிறுவினார் என்பது ஈண்டு கருதத்தக்கது.

ஆண்பிள்ளைகள் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்றனர். பெண்பிள்ளைகள் முதலில் வாசிக்கக் கற்று, சமய பாடத்தை மனப்பாடம் செய்து முடித்த பின் எழுத்தும் தையல் வேலையும் பயின்றனர். தையல் கற்ற பெண் தன் உழைப்பால் வாழ வழி பிறந்தது. அம்மையார் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் சென்று சமய பாடத்தைத் தாமே கற்பித்தார். கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் சிறுவர்கள், தாம் கற்றதைப் பிறருக்கும் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் அவர்களைப் பயிற்றினார்.

பகற்பொழுது பள்ளிகளில் கழியும். மாலையில் நோயுற்றோரையும் முதியோரையும் தேடி இருண்ட சந்துகளில் நடப்பார். வழிகாட்டக் கையில் ஒரு விளக்கு இருக்கும். இதனால் விளக்கேந்திய அம்மையார் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. கிரிமியப் போர்க்களத்தில் விளக்கேந்தி நோயாளரைப் பேணிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் அறிவோம். அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கார்க் நகரத் தெருக்களில் இன்னொரு விளக்கு நடமாடியது.

மதிலுக்குள் நின்ற கல்வி

பெரியதந்தையாரின் மறைவுக்குப் பின் அம்மையாருக்குப் பெருஞ்செல்வம் வந்து சேர்ந்தது. அவரோ அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தமக்குப் பின் இப்பள்ளிகளை நடத்துவோர் யார் என்ற கவலை அவரைப் பற்றியது. தனி ஒருவரின் ஆர்வத்தால் எழுந்த எத்தனையோ நற்பணிகள் அவரோடு மறைந்து போவதை நாமும் காண்கிறோம் அல்லவா?

இதற்கு வழிகாண, பிரான்சில் பெண்கல்விப் பணிக்குப் பெயர் பெற்ற உர்சுலின் கன்னியர் சபையை அவர் நாடினார். இளம்பெண்கள் சிலர் பாரிசில் அச்சபையாரிடம் பயிற்சி பெற்றனர். அவர்களுக்காகக் கார்க் நகரில் தம் செலவில் மடம் கட்டினார். 1771ஆம் ஆண்டு உர்சுலின் கன்னியர் அங்கு வந்து சேர்ந்தனர். துறவு மடங்களைச் சட்டம் பொறுக்காத காலமாதலால், சில ஆண்டுகள் வரை அவர்கள் துறவு உடையை வெளிப்படையாக அணியவில்லை.

ஆனால் அம்மையார் எதிர்பார்த்தது முழுமையாக நிறைவேறவில்லை. உர்சுலின் சபையின் வரலாறே இதற்குக் காரணம். 1535ஆம் ஆண்டு இத்தாலியில் ஏஞ்சலா மெரிசி என்னும் அம்மையார் அச்சபையைத் தொடங்கியபோது, அதன் உறுப்பினர் மக்களோடு மக்களாகவே வாழ்ந்தனர். பின்னர்த் திருச்சபை, துறவுப் பெண்கள் மதிலைக் கடந்து வெளியே செல்லலாகாது என்று வலியுறுத்தியது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு உர்சுலின் கன்னியர் மதிலுக்குள் வாழும் நெறியை ஏற்றனர். அந்நெறியையே கார்க் கன்னியரும் பின்பற்றினர். மடத்துக்குள் வசதி படைத்தோர் வீட்டுப் பெண்களுக்கு உறைவிடப் பள்ளி நடந்தது. மடத்துக்கு வந்த ஏழைப் பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். ஆயினும், நகரெங்கும் பரவியிருந்த ஏழைப் பள்ளிகளுக்குச் செல்ல அவர்களால் இயலவில்லை.

உர்சுலின் கன்னியரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்தம் கல்விப் பணி போற்றத்தக்கதே. ஆயினும், ஏழைகளுக்காகத் தொடங்கும் கல்வி நிறுவனங்கள் வளர வளர ஏழையரிடமிருந்து விலகிப் போகும் இயல்பு எக்காலத்தும் எந்நாட்டிலும் உள்ளது. கட்டடம் உயரும்போது வாயிலும் குறுகி விடுகிறது. இதனை அம்மையார் தம் கண்முன்னே கண்டார். தாம் பெரும்பொருள் செலவிட்டு எழுப்பிய நிறுவனம் தம் கருத்துக்கு முழுதும் பொருந்தவில்லை என்று அறிந்தபோது, அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

தெருவில் நடந்த துறவியர்

மற்றவராயின் அத்துடன் மனம் தளர்ந்து ஓய்ந்திருப்பர். அம்மையார் மீண்டும் தொடங்கினார். 1775ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், மூன்று துணைவியருடன் புதிய சபை ஒன்றை நிறுவினார். இயேசுவின் திருஇருதய அறக்கல்விச் சகோதரியர் என்னும் பொருள்படும் பெயர் அச்சபைக்கு இடப்பட்டது. அவர்கள் மதிலுக்குள் அடைபடாமல் தெருவில் நடந்து ஏழைகளைத் தேடிச் செல்ல வேண்டும். ஏழைகளுக்கன்றி வேறு எவருக்கும் பணி செய்யலாகாது என்பது அவர் கொண்ட உறுதி.

இதற்கும் எதிர்ப்பு எழாமலில்லை. உர்சுலின் மடத்துக்கு அருகிலேயே மற்றொரு மடம் எழுவதை விரும்பாதோர் தடை செய்ய முற்பட்டனர். அவ்வாறாயின் வேறு ஊருக்குச் சென்று பணி தொடங்குவேன் என்று அம்மையார் அமைதியாக உறுதி காட்டவே, எதிர்ப்பு அடங்கியது. 1777ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் புதிய இல்லம் திறக்கப்பட்டது. நகரப் பெரியோரை அழைத்து விழா நடத்தவில்லை. ஐம்பது இரவலரை அழைத்து அமர்த்தி, அம்மையாரும் துணைவியரும் அவர்களுக்கு உணவு பரிமாறினர். அதுவே திறப்பு விழா.

செல்வம் அனைத்தும் பள்ளிகளுக்கும் மடங்களுக்கும் செலவான பின், நிலக்கிழாரின் மகளாகப் பிறந்த அவர் கடைதோறும் வீடுதோறும் சென்று பள்ளிகளுக்காக இரந்தார். எளிய உடையில் வந்து நின்ற அவரை உண்மையான இரவலர் என்றே எண்ணிக் கடுஞ்சொல் கூறியோரும் இருந்தனர் என்பர். பாரிசு நகரில் பட்டுடுத்தி வண்டியில் சென்றவர், கார்க் நகரில் கையேந்தி நடந்தார். முதிய பெண்களுக்கென ஓர் இல்லத்தையும் அவர் அமைத்தார்.

இறுதி நாட்கள்

1782ஆம் ஆண்டு சட்டம் சற்றே தளர்ந்தது. உரிமம் பெற்றுக் கத்தோலிக்கர் பள்ளி நடத்தலாம் என நாடாளுமன்றம் இசைந்தது. அம்மையார் கோவ் லேன் சந்தில் முதற்பள்ளியைத் தொடங்கி அப்போது கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. சட்டம் அனுமதிக்கட்டும் என்று அவர் காத்திருந்தால், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறியாமலே முதுமை எய்தியிருப்பர்.

காசநோய் அவரை நெடுநாள் வருத்தியது. ஆயினும் நடப்பதை அவர் நிறுத்தவில்லை. 1784ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவர் நிறுவிய சபையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருந்தனர். செல்வமும் இல்லை; செல்வாக்கும் இல்லை. அன்று அவரை அடக்கம் செய்தோரில், இப்பணி கடல் கடந்து கண்டங்கள்தோறும் பரவும் என்று எண்ணியவர் இருந்திருக்க மாட்டார்.

மதில் மீண்டும் எழுந்தது

அம்மையாரின் மறைவுக்குப் பின் அவர் சபை மெல்ல வளர்ந்தது. கில்லார்னி, டப்ளின், வாட்டர்போர்டு ஆகிய ஊர்களில் 1793க்கும் 1798க்கும் இடையே கிளைகள் தோன்றின. காணிக்கை அன்னை சபை என்ற பெயரும் வந்து அமைந்தது. பிரசன்டேஷன் கன்னியர் என்று நம் நாட்டில் அறியப்படுவோர் இவர்களே.

1805ஆம் ஆண்டு போப்பாண்டவரின் முழு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதற்கு விலை ஒன்று இருந்தது. எந்த மதிலைத் தவிர்க்க அம்மையார் புதிய சபையைத் தொடங்கினாரோ, அந்த மதிலுக்குள்ளேயே அவர் வழிவந்த கன்னியரும் வாழ வேண்டியதாயிற்று. விளக்கேந்தித் தெருவில் நடந்தவரின் பிள்ளைகள் தெருவுக்கு வர இயலாமற் போனது வரலாற்றின் முரண்.

எனினும் அவர்கள் அம்மையாரின் கருத்தைக் கைவிடவில்லை. மதிலுக்குள்ளேயே ஏழைகளுக்குப் பள்ளி கட்டினர். தாம் தெருவுக்குச் செல்ல இயலாவிடினும் தெரு தம்மிடம் வருமாறு வாயிலைத் திறந்து வைத்தனர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் விளைவாக மதில் நெறி நீங்கியது. கன்னியர் மீண்டும் தெருவுக்கு வந்தனர். கருத்து உறுதியாக இருப்பின், அதனைத் தாங்கும் அமைப்பு மாறினாலும் பயன் அழியாது என்பதற்கு இது சான்று.

சென்னை வரை வந்த ஒளி

1833ஆம் ஆண்டு இக்கன்னியர் அயர்லாந்தைக் கடந்து வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்து தீவுக்குச் சென்றனர். பின்னர் அவர்கள் நம் நாட்டுக்கும் புறப்பட்டு வந்தனர். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத அக்காலத்தில், நெடுங்கடற்பயணம் செய்து, 1842ஆம் ஆண்டு அவர்கள் சென்னை வந்து இறங்கினர். இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் முதல் மடத்தையும் பள்ளியையும் நிறுவினர். 1909ஆம் ஆண்டு சர்ச் பார்க் பள்ளி தோன்றியது. தமிழக முதலமைச்சராக விளங்கிய ஜெ. ஜெயலலிதா பயின்றது அப்பள்ளியில்தான் என்பது பலரும் அறிந்த செய்தி. கார்க் நகரின் குடிலில் முப்பது சிறுமியரோடு எரியத் தொடங்கிய விளக்கின் ஒளி, சென்னைச் சிறுமியர் முகத்திலும் விழுந்தது.

2013ஆம் ஆண்டு போப் பிரான்சிஸ் அவர்கள், அம்மையாரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்கள். இது கத்தோலிக்கத் திருச்சபையார் புனிதர் நிலைக்கு முன் வழங்கும் சிறப்பு. சமய எல்லையைக் கடந்து நோக்கும் நமக்கோ, அவர் பெண்கல்வி வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவர் என்பதே பெருஞ்சிறப்பு.

நாம் பெறும் பாடங்கள்

இவ்வம்மையாரின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று. முதலாவது, சூழ்நிலை கனியட்டும் என்று கல்வி காத்திருக்கலாகாது. சட்டம் பகையாக இருந்தது, பொருள் அச்சத்துக்கிடமானது, வீட்டாரும் அஞ்சினர். இருந்தும் முப்பது பிள்ளைகளுடன் ஒரு குடிலில் அவரால் தொடங்க இயன்றது. நாம் தொடங்காமைக்குச் சொல்லும் காரணங்களை அவருடைய குடிலின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆரவாரம் பணிக்கு அணியன்று. பள்ளி இருப்பதை அவர் அறிவிக்கவில்லை. பயன்பெற்ற ஏழைத் தந்தை ஒருவரே வந்து அறிவித்தார். ஒரு நிறுவனத்தின் பெருமையை அதன் விழா மேடை சொல்வதைவிட, அதனால் உயர்ந்த குடும்பம் சொல்வதே உண்மையான சான்று.

மூன்றாவதே தலையாயது. தாம் எழுப்பிய நிறுவனம் ஏழைகளை எட்டுகிறதா என்று அவர் இடைவிடாது சோதித்தார். எட்டவில்லை என்று கண்டபோது, தம் உழைப்பும் செல்வமும் அதில் கலந்திருந்தும், மீண்டும் புதிதாகத் தொடங்கும் துணிவு அவருக்கு இருந்தது. கல்வி நிறுவனங்களை நடத்தும் பெரியோர்களும், அவற்றில் கற்பிக்கும் ஆசிரியர்களும், பயிலும் மாணவச் செல்வங்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்ளுதல் நன்று. நம் வாயிலுக்கு வராத பிள்ளைகள் யார்? அவர்கள் வாராமைக்குக் காரணம் அவர்தம் வறுமையா, நம் மதிலின் உயரமா?

கார்க் நகர மடத்தின் மதில் இன்றும் நிற்கிறது. அதன் கதவு இப்போது எல்லார்க்கும் திறந்திருக்கிறது. நம் ஊரின் இருண்ட சந்துகளிலும் அவர் ஏந்திய விளக்குக்கு வேலை இருக்கிறது. படித்த ஒவ்வொருவரும் தம் தெருவில் படிக்காத ஒரு பெண்பிள்ளையைத் தேடிச் சென்று எழுத்தறிவிப்பாராயின், நானோ நேகிள் அம்மையாருக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறு இல்லை.